தொடாதீங்கன்னு சொன்ன புத்தகம்

"இனிமே என்னைய நடக்கச் சொன்னா, இந்த வீட்ட விட்டே நடந்து போயிருவேன், ஆமா!"

தங்கமுத்து இப்படி ஒரு சபதம் போட்டார். போட்ட பிறகுதான் அதிலும் ஒரு நடை இருப்பது அவருக்கு உறைத்தது. அதற்காக வாபஸ் வாங்குகிற ஆளா அவர்? கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் முப்பது வருஷமாக ஏலம் விடுகிற தொண்டை அது. ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால், மல்லிகை ஏலத்தின் நடுவே தலை சுற்றி, பூ மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷன். தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி அமுதவல்லி ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள். பிரஷர் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, கோபப்படாதீங்க, புகையிலையை விடுங்க என்றார். மாத்திரை விஷயத்தில் தங்கமுத்துவுக்குத் தப்பிக்க வழியே இல்லை. உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள் அமுதவல்லி. மற்ற நாலுக்கும்தான் வீட்டில் ரகளை.

"காலையில அரை மணி நேரம் நடந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"மார்க்கெட்ல நாள் பூரா நிக்கிறேனே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"நிக்கிறதும் நடக்குறதும் ஒண்ணா?"

"கைய வீசிக்கிட்டு வெறுமனே அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டு வந்தா ஊரு சிரிக்கும் புள்ள. எதையாவது தொலைச்சிட்டியா தங்கமுத்துன்னு கேப்பான்."

"சரி, விடுங்க. ஆடிக் கிடாவெட்டுக்கு ஒங்களுக்கு ரசந்தான்."

தங்கமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. வருஷத்துக்கு ஒரு தடவை குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பங்காளிகள் அத்தனை பேரும் உட்காரும் பந்தியில் முதல் இலை அவருடையது. அந்த இலையில், அத்தனை பேர் பார்க்க, ரசமா?

"என்ன புள்ள இப்புடி அநியாயம் பண்ற?"

"மிஷின் சொல்லட்டும். இன்னும் ஆறு வாரம் இருக்கு. கடைசி மூணு ஞாயித்துக்கெழமையும் நூத்தி முப்பதுக்குக் கீழ காட்டுனா, ஒங்க எலைக்கு நானே கறி வைக்கிறேன்."

மிஷின் என்றது பிரஷர் பார்க்கும் மிஷினை. வாங்கி வந்ததும் அவள்தான், அதன் சொல்லுக்கு வீட்டில் மரியாதை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அமுதவல்லி படிக்கிறவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகள் சரண்யாவைக் கட்டிக்கொடுத்த மறு வருஷமே, அஞ்சல்வழியில் மனோதத்துவப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டையில் வகுப்பு. சபதம் போட்ட வாரம் வகுப்புக்குக் கிளம்பும்போது, தடியான ஒரு புத்தகத்தை அரிசி டிரம் மேல், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள்.

"ஏங்க, இந்தப் புத்தகத்த மட்டும் தொட்டுறாதீங்க. மனுசனோட கொணம், நரம்பு மண்டலம், ஒடம்புன்னு பெரிய பெரிய விஷயமா இருக்கு. ஒங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்க. நான் போயிட்டு வாரேன்."

பஸ் முக்குத் திரும்புவதற்குள் தங்கமுத்து புத்தகத்தைப் பிரித்துவிட்டார். நரம்பு மண்டலம் என்ற பாடத்தில் வரிக்கு வரி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறாள் என்று அவருக்கு மனசு இளகியது. இளகிக்கொண்டே முழுப்பாடத்தையும் படித்து முடித்தார். முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மார்க்கெட் கூட்டாளி மூக்கன் வீட்டுக்குப் போனார்.

"மூக்கா, நம்ம ஒடம்புக்குள்ள ரெண்டு ஆளு இருக்காண்டா."

"யாருண்ணே?"

"ஒருத்தன் பரிவு நரம்பு. ஆபத்துன்னா அவுத்துவிட்ட ஜல்லிக்கட்டுக் காள மாதிரி பாய்வான். நெஞ்சு அடிக்கும், பிரஷர் எகிறும்."

"பரிவுன்னு பேர வச்சுக்கிட்டா பிரஷர ஏத்துறான்?"

"எங்க வீட்லயும் அதே கததான? இன்னொருத்தன் துணைப்பரிவு. அவன் வந்து தட்டிக்குடுத்து எல்லாத்தையும் அடக்குவான். அவனக் கூப்புடத் தெரிஞ்சுட்டா மிஷினு ஏமாந்துரும்!"

"எப்புடிண்ணே கூப்புடுறது?"

"மூச்ச மெதுவா இழுத்து, அதவிட மெதுவா விடணும். தெனம் நடக்கணும். உப்பத் தொடக்கூடாது. கத்தக்கூடாது."

மூக்கன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, இதத்தான டாக்டரும் சொன்னாரு?"

"போடா கூறுகெட்டவனே! அவரு சொன்னது வைத்தியம். இது தில்லுமுல்லு. ரெண்டும் ஒண்ணாகுமா?"

மூக்கனுக்கு ஆமா என்று பட்டது. அப்படிப் படுகிறவர்கள்தான் தங்கமுத்துவுக்குக் கூட்டாளியாக இருக்க முடியும்.

மறுநாளிலிருந்து தில்லுமுல்லு தொடங்கியது. காலையில் வண்டியை உறுமவிட்டு, தெருவே பார்க்கக் கிளம்புவார். முக்குத் திரும்பியதும் மூக்கன் வீட்டுக் கொட்டகையில் வண்டியை ஒளித்துவிட்டு, வாய்க்கால் கரையோடு ரெண்டு கிலோமீட்டர் மார்க்கெட்டுக்கு நடப்பார். திரும்பும்போதும் அப்படியே. வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தும்போது, "ஒரு எட்டு நடக்கணுமே! எவன் நடப்பான்?" என்று உள்ளே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்.

சாப்பாட்டில் இன்னும் கெட்டிக்காரத்தனம். "ஊறுகாய் எங்க புள்ள? அப்பளம் எங்க?" என்று அதட்டுவார். அமுதவல்லி மறு பேச்சில்லாமல் கொண்டுவந்து வைப்பாள். அந்தப் பக்கம் அவள் திரும்பியதும் ஊறுகாய் சோற்றுக்கு அடியில் போய்விடும், அப்பளம் மடியில் ஏறி வாசல் நாய்க்குப் போகும். நாய் மூன்றே வாரத்தில் பெருத்துவிட்டது.

மூச்சுப் பயிற்சிக்குக் குளியலறை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணை மூடி, இழுத்து விடுவார். "உள்ள தூங்கிட்டீங்களா?" என்று அமுதவல்லி கதவைத் தட்டினால், "சோப்புப் போடுறேன்!" என்பார். ஒருநாள் உள்ளே போனால் ஒரு முக்காலி இருந்தது. நின்றுகொண்டே மூச்சுவிட்டதில் கால் வலித்துக்கொண்டிருந்த நேரம். வசதியாகப் போயிற்று என்று உட்கார்ந்துகொண்டார். இன்னொரு நாள் தேய்ந்த செருப்பு இருந்த இடத்தில், பஞ்சு மாதிரி மெத்தென்று புதுச் செருப்பு. எல்லாம் நம்ம நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார். கத்தக்கூடாது என்பதால் ஏலத்தையும் மெதுவாக விட, யாரோ பெரிய தலை போய்விட்டது என்று வியாபாரிகள் துக்கம் விசாரித்தார்கள்.

மிஷின் இறங்கியது. நூற்று ஐம்பத்தாறு. நூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பத்துநாலு. கடைசி மூன்று ஞாயிறும் நூற்று இருபத்தெட்டு, இருபத்தாறு, இருபத்துநாலு. ஒவ்வொரு தடவையும் அமுதவல்லி நம்பரை ரெண்டு முறை பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். ஏமாந்த வருத்தம்தான் போல என்று தங்கமுத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

கிடாவெட்டு வந்தது. பந்தியில் முதல் இலை. அமுதவல்லி தன் கையாலேயே கறி வைத்தாள், அளவாக, ஈரல் ஒரு துண்டு கூடவே. தங்கமுத்துவுக்கு வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. சாப்பிட்டு எழுந்து, வேப்பமரத்தடியில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, அவளைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒன்னைய நான் ஏமாத்திட்டேன் புள்ள!"

வண்டியை ஒளித்தது, ஊறுகாயை மறைத்தது, குழாயைத் திறந்தது என ஒன்றுவிடாமல் சொன்னார். "ஒம் புத்தகத்த வச்சே ஒன் மிஷின ஏமாத்திட்டேன்ல?"

"ஆத்தாடி, அப்புடியா!" என்றாள் அமுதவல்லி. கைப்பையிலிருந்து ஒரு ரெக்கார்டு நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நாளைக்கு காலேஜ்ல வைக்கணும். எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்க."

தங்கமுத்து வாசித்தார்.

'நபர்: வயது ஐம்பத்துநாலு. பூ வியாபாரி. குணம்: செய் என்றால் செய்ய மாட்டார். செய்யாதே என்றால் செய்யாமல் இருக்க மாட்டார். முறை: வேண்டிய வரிகளில் கோடு போட்டு, தொடக்கூடாது என்று சொல்லிப் புத்தகத்தை அரிசி டிரம் மேல் வைத்தேன்.

முதல் நாள்: புத்தகம் தலைகீழாக இருந்தது.

ஏழாம் நாள்: வண்டியில் பெட்ரோல் குறையவே இல்லை. செருப்பு தேய்ந்திருக்கிறது. புதிது வாங்கி வைத்தேன்.

பதினோராம் நாள்: குளியலறையில் நின்றுகொண்டே மூச்சுவிடுகிறார். முக்காலி போட்டேன்.'

தங்கமுத்துவின் வாயில் இருந்த புகையிலை அப்படியே நின்றுவிட்டது.

"அமுதா... எல்லாம் தெரியுமா?"

"எங்க அப்பாவும் இப்புடித்தான், தல சுத்துதுன்னு ஒக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல. மூட்ட மேல ஒங்களப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நேரா சொன்னா கேக்க மாட்டீங்க. நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

பங்காளிகள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து தங்கமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நேராவே சொல்லு புள்ள. கேக்குறேன். குலசாமி மேல சத்தியம்."

"சத்தியமாவா? அப்ப அந்தப் புகையிலையத் துப்புங்க."

"அது மட்டும் முடியாது!"

மறுநாள் நோட்டை வைக்கக் காலேஜுக்குக் கிளம்பும்போது, அமுதவல்லி அரிசி டிரம் மேல் வேறொரு புத்தகத்தை வைத்தாள்.

"ஏங்க, இத மட்டும் தொட்டுறாதீங்க."

தங்கமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு தடவ ஏமாந்தவன் மறுபடி ஏமாறுவானா? போயிட்டு வா. அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்!"

பஸ் முக்குத் திரும்பும்போது அவர் பதினோராம் பக்கத்தில் இருந்தார்.