மாணவர் ‘க’வின் முன்னேற்றம்

அடுத்து எழுந்து, தம் பள்ளி மாணவர் ஒருவரின் பிரச்சினையைப் பற்றிப் பேச வேண்டியவர் சதாசிவம். அவரிடம் பிரச்சினையுள்ள மாணவர் ஒருவர்கூட இல்லை.

ஈப்போ வட்டார வழிகாட்டி ஆசிரியர் மன்றம் மாதம் ஒருமுறை அவருடைய பள்ளி நூலகத்தில்தான் கூடும். மன்றத்தைத் தொடங்கியவர் அவர். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை மூன்றும் அவருடையவை. தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி ஓர் ஆலோசனை அறை வாங்கி, திரைச்சீலை தொங்கவிட்டு, மும்மொழியில் பலகையும் மாட்டியிருந்தார். இதுவரை அந்தக் கதவைத் தட்டிய மாணவர்கள் எல்லாரும் பூப்பந்து வலை உள்ளே இருக்கிறதா என்று கேட்கத்தான் தட்டினார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் கல்வி இலாகா அதிகாரி கார்த்திகேசு வேறு வந்து உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரில் ஓராண்டு ஆலோசகர் படிப்பு, முழுச் சம்பளத்தோடு. ஆண்டு இறுதியில் மன்றத்திலிருந்து ஒருவரை அவர் பரிந்துரைப்பார். அந்த ஒருவர் தாம்தான் என்பதில் சதாசிவத்துக்கு ஐயமே இல்லை. அதற்குத் தோதான மாணவன்தான் இல்லை.

எழுந்தார். தொண்டையைச் செருமினார். மாணவன் பிறந்தான்.

மாணவரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மன்றத்தின் விதி. இதைவிட வசதியான விதி உண்டா? மாணவர் ‘க’ என்று வைத்துக்கொள்வோம் என்றார். மூன்றாம் படிவம், பதினைந்து வயது. ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றதில் தகப்பனுக்கு வேலை போய்விட்டது. பையன் யாரோடும் பேசுவதில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். தாம் தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மௌனத்தாலேயே அவன் மனதைத் தொட்டதாக சதாசிவம் விவரித்தபோது, சுங்காயிலிருந்து வந்த நவமணி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார்த்திகேசு கண்ணைத் துடைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பையனைக் கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

அடுத்த கூட்டத்தில் சதாசிவம் தழுதழுத்த குரலில் அறிவித்தார்: ‘க’வின் குடும்பம் செமோருக்குக் குடிபோய்விட்டது. வாயில் முதலில் வந்த ஊர் அது. செமோர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வரும் பியாட்ரிஸ் டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது சொல்லி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார். பியாட்ரிஸ் அந்த மன்றத்தில் வாயைத் திறந்ததே இல்லை.

அதற்கடுத்த மாதம் திறந்தார்.

“சார் சொன்ன பையன் எங்க ஸ்கூல்லதான் இருக்கான். தேடிப் பாத்தேன். அப்படியேதான் சார், ஜன்னலயே பாத்துக்கிட்டு இருக்கான்.”

சதாசிவத்துக்கு வியர்த்தது. பிறகு விளங்கியது. இந்த அம்மாவுக்கும் கேஸ் கிடைக்கவில்லை. அதனால் நம்முடையதைத் தூக்கிக்கொண்டார். பெற்றது நாம், பேர் வாங்குவது அவரா? பொய் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் முதலில் மாட்டுவது பெற்றவர்தான்.

“டீச்சர், அவங்க சிலிம் ரிவருக்குப் போயிட்டதா கேள்விப்பட்டேனே?” என்று பையனை மறுபடியும் லோரி ஏற்றப் பார்த்தார்.

“போறதா இருந்தாங்க சார். வீட்டுக்குப் போய் அவங்க அப்பாகிட்டப் பேசினேன். இங்கயே இருக்கோம்னுட்டாரு.”

அடுத்த மாதம் ‘க’ பேசத் தொடங்கியிருந்தான். அதற்கடுத்த மாதம் கால்பந்துக் குழுவில் சேர்ந்துவிட்டான். சதாசிவத்தின் கையில் ஒரு நாள்கூட வாய் திறக்காத பயல், பியாட்ரிஸின் கையில் தினம் ஒரு முன்னேற்றம் கண்டான். அவனைக் கெடுத்தால்தான் உண்டு என்று முடிவு செய்து, பையனுக்குக் கொஞ்சம் கைநீளம், கவனமாக இருங்கள் என்று கூட்டத்திலேயே எச்சரித்தார்.

பியாட்ரிஸ் அதற்கும் அடுத்த மாதம் பதிலோடு வந்தார். “அவன்கிட்டயே கேட்டேன் சார். சாருக்கு ஆள் மாறிப் போச்சுன்னு சொன்னான். கோவமே படல.”

கூட்டமே நெகிழ்ந்தது. நவமணி டீச்சர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார். இந்த முறை பியாட்ரிஸுக்காக.

ஆண்டு இறுதிக் கூட்டம் வந்தது. தேநீர் இடைவேளையில் சிலிம் ரிவர் நண்பர் அந்தோணிமுத்து கறிபாப்பை மென்றுகொண்டே காதோடு சொன்னார். “மச்சான், கோர்ஸ் அவங்களுக்குத்தான் லா. விட்ரு.”

சதாசிவம் விடவில்லை. கார்த்திகேசு பெயரை அறிவிக்க எழுந்தபோது இவரும் எழுந்தார். இல்லாத பையனை யாராலும் கொண்டுவர முடியாது. உலகத்திலேயே அது உறுதியாகத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

“ஒரு நிமிசம் சார். அந்தப் பையன நேர்ல காட்டச் சொல்லுங்க. அப்புறம் பேரச் சொல்லுங்க.”

“வெளியிலதான் சார் நிக்கிறான்,” என்றார் பியாட்ரிஸ். “அதிகாரி ஐயா அன்னைக்கே பாக்கணும்னு கேட்டாரேன்னு கூட்டிட்டு வந்தேன்.”

ஒல்லியாக, உயரமாக ஒருவன் உள்ளே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். சதாசிவம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கோப்பிக் கடையில் பிடித்தாரோ, ஆளைத் தேடிப் பிடித்ததென்னவோ நேர்த்தியாகத்தான் இருக்கிறது. இரண்டே கேள்விகளில் உரித்துவிடலாம்.

“தம்பி, முன்ன எந்த ஸ்கூலு?”

“இந்த ஸ்கூலுதான் சார்.”

சதாசிவம் கார்த்திகேசுவின் பக்கம் திரும்பி, கவனியுங்கள் என்பதுபோல் புன்னகைத்தார். இந்தப் பள்ளியில் தமக்குத் தெரியாத வகுப்பாசிரியர் யார்? பையன் எந்தப் பெயரைச் சொன்னாலும், அந்த ஆசிரியரை இப்போதே வரவழைத்துவிடலாம்.

“அப்படியா. இங்க உன் கிளாஸ் டீச்சர் யாரு?”

பையன் பியாட்ரிஸைப் பார்த்தான். சொல்லு என்று அவர் தலையசைத்தார்.

“நீங்கதான் சார். போன வருசம், பிரச்சினையே இல்லாத பையன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே.”