எனக்குப் போட்ட படையல்

கோபத்தில் இருக்கும்போது படிவம் நிரப்பக் கூடாது. இதை நான் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உப்பளம் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை. மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு ராஜினாமாவைக் கம்ப்யூட்டரில் பதிந்தேன். ‘விலகும் காரணம்’ என்று ஒரு பட்டியல் வந்தது: ஓய்வு, மாற்றல், மரணம். ‘மேனேஜர்’ என்று ஒன்று இல்லை. கொஞ்சமாவது உறைக்கட்டும் என்று மரணத்தை அழுத்தினேன். போனை அணைத்துவிட்டு, சாரம் பகுதியில் புதிதாகக் குடிவந்த வீட்டில் படுத்துவிட்டேன். (வீடு மாறியதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ரோஷமாம்!)

என் மனைவி செல்விக்குப் பித்தப்பையில் கல். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸை நம்பித்தான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தோம். வேலையை விட்டாலும் மாதக் கடைசிக்குள் விண்ணப்பித்தால் அதையே சொந்த பாலிசியாக மாற்றித் தொடரலாம். தவறினால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தேன்.

இரண்டு நாளில் செல்விக்கு போன் வந்தது. இன்சூரன்ஸ் பெண் ஒருத்தி மிக மென்மையாக அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, இறந்த கணவர் பெயரில் யாரோ விண்ணப்பம் போட்டிருப்பதாக எச்சரித்தாளாம். செல்வி, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என்னையே பார்த்தாள். நான் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன்.

“ஆபரேஷன் நின்னுச்சுன்னா, அந்தப் பொண்ணு சொன்னத நானே நெசமாக்கிடுவேன். பாத்துக்கங்க.”

மறுநாள் உச்சி வெயிலில், மேனேஜர் கண்ணில் படாமல் ஆபீசின் பின்வாசல் வழியாக நுழைந்தேன். உள்ளே ஆள் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. முன்கதவு சாத்தியிருந்தது. ஊதுபத்தி வாசனை வந்தது.

என் மேசைமேல் என் போட்டோ, மாலையோடு. முன்னால் இலை போட்டு வடை, ஆவி பறக்கும் டீ, (யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்த) ஒரு சிகரெட். யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாளாகச் செல்வியையும் பிள்ளைகளையும் தவிர யாரும் என்னிடம் பேசவில்லை. ஒருவேளை அந்தப் பெண் சொன்னதுதான் சரியோ? சோதித்துப் பார்க்க ஒரு வடையை எடுத்துக் கடித்தேன்.

படையல் போட்டால், செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நம் வழக்கம். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. கதவு திறந்தது. மேனேஜர், அவருக்குப் பின்னால் மொத்த ஆபீசும்.

“சாப்புடுப்பா,” என்றார் மேனேஜர். கையைக் கூப்பினார். “நான் வேணும்னு உன்ன திட்டல.”

நான் உயிரோடு இருப்பதாக இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

“எழுதிக் குடுத்தா போயிடுவியா?”

“போயிடுவேன் சார்.”

எழுதினார், சீல் வைத்தார், கடிதத்தை ஸ்கேல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயத்தில் பாலிசியைச் செல்வி பெயரிலேயே எடுத்தோம். வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று அவளைத்தான் கேட்கிறார்கள்.

“ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டு சொல்றேன்” என்று அறைக்குள் வருவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அவள் என்னைப் பார்த்து முடிவுசெய்ய எடுத்துக்கொள்ளும் நேரம், வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது.