ஜப்பான் தட்டும் பேஸ்மென்ற் வாடகையும்

உயிர் போனாலும் பேஸ்மென்றை வாடகைக்கு விடுவதில்லை என்று கஸ்பர் முடிவெடுத்தார். அதைத் தன் மனைவி றெஜினாவிடம் சொல்லும் துணிவு மட்டும்தான் அவரிடம் இருக்கவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அந்த வீட்டில் கஸ்பருக்கென்று மிஞ்சியது நிலத்துக்குக் கீழே இருந்த அந்தப் பேஸ்மென்ற் ஒன்றுதான். அங்கே கால் ஆடும் சோபா, பிரிக்காத பெட்டிகள், ஒழுகும் பைப், பழைய ரெக்கோட் பிளேயர், அதில் ஒரு ஜப்பான் இசைத்தட்டு.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராக் என்று தொடங்கும். ட்ரம் அடிக்கிற ஆளை யாரோ துரத்துவது போலிருக்கும். நடுவில் ஜாஸ் சாக்ஸபோன் குறுக்கே பாயும். அது ஓய்வதற்குள் ஒரு பெண் அந்த நாட்டுப் பழைய காதல் பாட்டொன்றை மூக்கால் இழுத்து அழுவாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில். கஸ்பருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் பிறம்ரன் கிடங்கில் நாள் முழுக்க லொறிக்காரரோடு கத்திவிட்டு, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வீடு வருகிறவருக்கு, மண்டைக்குள் கிடக்கும் இரைச்சலுக்கெல்லாம் தாளம் போட்டுக் கொடுத்தது அது ஒன்றுதான். அதைக் கேட்டால்தான் கால் ஓரிடத்தில் நிற்கும்.

எனவே "பேஸ்மென்றை வாடகைக்குக் குடுப்பம்" என்று றெஜினா சொன்னதும் கால் நிற்கவில்லை. சமையலறைக்கும் ஹோலுக்குமாக நடந்தார்.

"என்னப்பா உலாத்துறியள்? விருப்பமில்லையோ?"

"சீச்சீ! நல்ல யோசினை. நானே சொல்ல இருந்தனான்."

"சனிக்கிழமை ஆக்கள் பாக்க வருவினம். உந்தக் கோலத்தில காட்டேலுமே?"

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எல்லாம் நான் பாக்கிறன்."

அதுதான் திட்டம். வாய் நிறைய ஓம் என்பது, ஆள் வரும்போது தட்டைப் போடுவது. அதைக் கேட்ட பிறகும் எந்தக் குடி வரும்? றெஜினாவுக்குச் சந்தேகம் வராதபடி வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். பெட்டிகளைக் கராஜுக்குத் தூக்கினார். பைப்பைத் திருத்தினார். அவள் வருடக்கணக்காகக் கெஞ்சியும் அடிக்காத பெயின்றை அடித்தார். இடம் பெரிதாகத் தெரியும் என்று அவள் சொல்ல, சுவர் நீளத்துக்குக் கண்ணாடிகூடப் பூட்டினார். முதுகு முறிந்தது. உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை.

சனிக்கிழமை துர்க்கா என்றொரு பெண் வந்தாள். அவள் படியிறங்க, கஸ்பர் தட்டில் ஊசியை வைத்தார்.

"அண்ணை, இதென்ன பாட்டு?"

"ஜப்பான், தங்கச்சி. நாள் முழுக்கப் போகும். நிப்பாட்டேலாது."

"ஐயோ!" என்றாள். நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். போய்விட்டாள்.

அடுத்த கிழமை பிரதீபா வந்தாள். சாக்ஸபோன் பாய்ந்ததும் அவள் படியேறிய வேகத்தைக் கஸ்பர் ரசித்துப் பார்த்தார்.

"ஒருத்தரும் சரிவருகினமில்லையப்பா," என்று றெஜினா பெருமூச்சு விட்டாள்.

"எங்கட கெட்ட காலம்," என்று கஸ்பர் அதைவிடப் பெரிய மூச்சு விட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து 401இல் நிற்கும்போது அவருக்கு ஏதோ உறுத்தியது. கனடா வந்த புதிதில் அவரும் பேஸ்மென்ற் பேஸ்மென்றாய் அலைந்தவர். இடம் பார்க்கப் போனால் முதல் கேள்வியே தனி வாசல் இருக்கா என்பதுதான். பிறகு கார் விட இடம், உடுப்புத் தோய்க்கும் மெஷின், மீன் பொரிக்க விடுவார்களா என்பது. துர்க்கா கேட்கவில்லை. பிரதீபா கேட்கவில்லை. வாடகை எவ்வளவு என்றுகூட ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. முன்னால் நின்ற கார் அசையவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தார். கீழே ஜப்பான் தட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

படியில் பாய்ந்திறங்கினார். சோபாவைக் காணவில்லை. கண்ணாடிக்கு முன்னால் துர்க்கா, பிரதீபா, இன்னும் ஒரு பட்டாளம் பெண்கள், சப்பாத்துக் காலோடு துள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்னால் விசிலோடு றெஜினா.

"றெஜினா! என்னப்பா இது?"

"எக்சர்சைஸ் கிளாஸ். எவ்வளவு காலமா ஆசைப்பட்டனான்! உந்தக் குப்பையைத் துப்பரவாக்கித் தாங்கோ எண்டு கேட்டா, செய்திருப்பியளே?"

"அப்ப... வாடகை?"

"ஆர் விடுறது? கண்ட சனத்தையும் வீட்டுக்குள்ள விட எனக்கென்ன விசரே?"

கஸ்பருக்கு அழுகை வந்தது. "என்ர ஜப்பான் தட்டு..." என்றார்.

"அது அருமையப்பா! அந்த ட்ரம்முக்குத் தன்ர கால் தானா ஆடினதெண்டு துர்க்கா அண்டைக்கே சொன்னவள். தட்டில அந்த மனுசி அழேக்க நாங்கள் மூச்சு வாங்குவம்."

கஸ்பர் படியேறத் திரும்பினார்.

"எங்க போறியள்? இந்தப் பக்கம் முடியப்போகுது, தட்டைத் திருப்பிப் போடுங்கோ. நாளைக்கும் ஆறு மணிக்கு நிண்டிடுங்கோ."