முன்னூற்று எண்பத்தாறில் தொண்ணூற்றெட்டு

உங்களிடம் சொல்வதற்கென்ன, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பொங்கலன்று நான் ஒரு சபதம் செய்தேன். என் பிள்ளையோடு நடுவில் ஆள் இல்லாமல் பேசியே தீருவேன் என்று. நடுவில் இருந்த ஆள் என் மனைவி சூடாமணி.

ஷ்ரவண் அமெரிக்கா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு டாணென்று போன் வரும். முதல் மணி முடிவதற்குள் சூடாமணி ரிசீவரை எடுத்துவிடுவாள். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவள், அன்று மட்டும் சமையலறையிலிருந்து ஹாலுக்குப் பறப்பாள். பிறகு ரசப்பொடி, ஜலதோஷம், பனி என்று பேச்சு நீளும். நான் பக்கத்தில் நின்று, "குடு, குடு" என்று கையை நீட்டிக்கொண்டே இருப்பேன். கடைசியில் கொடுப்பாள்.

"அப்பா, நன்னா இருக்கியா?"

"இருக்கேண்டா. நீ..."

"சரிப்பா, வெச்சுடறேன். போன் கார்டு முடியப் போறது."

வாரத்துக்கு எட்டு விநாடி. என் பங்கு அவ்வளவுதான். மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. "இங்க யாருப்பா கடுதாசி எழுதறா? மெயில் பண்ணு" என்றான், அந்த எட்டு விநாடிக்குள்ளேயே.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அவன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய த்ரீ எய்ட்டி சிக்ஸ் மிஷின். அவனும் நானும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து அதைக் குடைந்துகொண்டிருப்போம். இப்போது முழு ஸ்டூலும் எனக்குத்தான். அது ஒன்றும் சௌகரியமாக இல்லை.

மெயில் வேண்டுமென்றால் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஏற்ற வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். பழையதிலேயே மெயில் வருமாம். பின்னால்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் மெஹபூப் அலி என்ற கடைக்காரர் என் மிஷினின் வயதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், அந்த டப்பாவுல தொண்ணூத்தெட்டா? ஏறவே ஏறாது. அத்தத் தூக்கிப் போட்டு புச்சா ஒண்ணு வாங்கு சார்."

புதிய மிஷின் முன்னால் ஷ்ரவண் உட்கார்ந்ததில்லையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சீடியையும், அதைப் படிக்கிற டிரைவையும், போன் லைனில் கம்ப்யூட்டரை இணைக்கிற மோடத்தையும் வாங்கிக்கொண்டு கச்சேரி ரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சீடியைப் போட்டால் திரையில் ஒரே பதில்தான். உங்கள் மிஷின் போதாது, போய் வாருங்கள். பாங்கில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து நான் எத்தனை பேரை, "ஃபாரம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்! அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பழிவாங்குவதுபோல் இருந்தது. விடுவேனா? மூன்று மாதம் திரும்பத் திரும்பப் போட்டேன். திரும்பத் திரும்பத் துரத்தியது.

"ஏன்னா, சாப்பிட வரேளா?"

"இரு."

"ஏன்னா, குளத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாமா?"

"இரு."

"ஏன்னா, ஆத்துல தீப்பிடிச்சிண்டுடுத்து."

"இரு, வரேன்."

அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நானும் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. மிஷினின் பழைய கையேட்டைப் புரட்டினேன். ஒரு சீட்டு விழுந்தது. நீல மையில், குண்டு குண்டான ஆங்கில எழுத்தில், ஸெட்டப் என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, என், எம். ஷ்ரவண் கையெழுத்து! என்றைக்காவது அப்பாவுக்கு வேண்டியிருக்கும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியே அடித்தேன். மிஷினின் வயது என்ன, தகுதி என்ன என்று சீடி ஒரு கேள்வி கேட்கவில்லை. காலையில் ஏற ஆரம்பித்த விண்டோஸ் விளக்கேற்றும் வேளைக்கு ஏறி முடித்தது.

மறுநாள் ஞாயிறு. "நான் மாடில ஆனி டீச்சராத்துக்குப் போயிட்டு வரேன்" என்றாள் சூடாமணி. ஆனி டீச்சர் ஷ்ரவணுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். "நீங்க அவசரப்படாம எழுதுங்கோ. மனசுல இருக்கறதெல்லாம் எழுதுங்கோ."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. முழங்கால் வலியும் அன்று மாடிப்படிக்குக் குறுக்கே வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போன் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினேன். எட்டரைக்கு லைன் கிடைத்தது. டயல் செய்த பிறகுதானே பேசுகிறோம்? அதுபோல லைன் கிடைத்த பிறகுதான் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஒற்றை விரலால் தட்டினேன். தட்டிய எழுத்து யோசித்து யோசித்து வந்தது. "வீட்டில் பேச ஆளில்லை. ஸ்டூலில் பாதி காலியாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் இரண்டு நிமிஷம் ஒதுக்கு. அம்மாவிடம் சொல்லாதே."

ஒன்பது அடித்தது. போன் அடிக்கவில்லை. ஒன்பதரை. அடிக்கவில்லை. பிள்ளை மறந்துவிட்டான். வீட்டில் குக்கர் சத்தம்கூட இல்லை. பத்தேகாலுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒருவரும் இல்லை.

பத்தரைக்குச் சூடாமணி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள்.

"ஏண்டி, இன்னிக்கு ஷ்ரவண் போனே பண்ணலை."

"பண்ணினானே! ஒன்பது மணிக்கு, ஆனி நம்பருக்கு. ஒரு மணி நேரம் பேசினான். ஆத்து லைனை அப்பா அடைச்சிண்டிருப்பார், மாடிக்குப் போடுன்னு போன வாரமே மெயில்ல சொல்லிட்டேன்."

"மெயிலா? நீயா?"

"ஆறு மாசமா. நான் சொல்லச் சொல்ல ஆனி அவ கம்ப்யூட்டர்ல அடிப்பா."

"போன வாரம் விண்டோஸ் ஏறும்னு எனக்கே தெரியாதேடி!"

"சீட்டை வெச்சது நான்தானே. ஏத்தற வழியை ஷ்ரவண்ட்ட மெயில்ல கேட்டேன். ஆனி எழுதிக் குடுத்தா."

"அது ஷ்ரவண் கையெழுத்து!"

"அவனுக்கு எழுதக் கத்துக்குடுத்ததே அவதானே. அவன் போனது தொண்ணூத்தாறு. தொண்ணூத்தெட்டுல வந்த சாமானுக்கு அவன் எப்படின்னா சீட்டு எழுதி வெச்சுட்டுப் போவான்?"

முப்பத்தைந்து வருஷம் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"மூணு மாசமா நான் பார்த்ததெல்லாம் உங்க முதுகைத்தான். பக்கத்துல ஒருத்தர் நின்னுண்டு 'குடு, குடு'ன்னு பிடுங்காம, யார்ட்டயாவது ஒரு மணி நேரம் பேசணும்போல இருந்தது."

நகர்ந்து ஸ்டூலில் பாதி இடம் விட்டேன். உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"எடுத்த உடனே அப்பாட்ட குடுன்னுதான் சொன்னான். இன்னிக்கு உங்ககிட்டதான் நிறையப் பேசணுமாம்."

"அப்புறம்?"

"உனக்குத்தான் கீழ மெயில் எழுதிண்டிருக்கார்னேன். 'அப்படியா? அப்ப தொந்தரவு பண்ணாதே'ன்னுட்டான்."