துரை பன்னீர் குடித்த காலை

முப்பத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரே ஒரு நாளின் பக்கங்களை மட்டும் இரண்டு கிளிப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்று அந்தக் கிளிப்புகளைக் கழற்றுகிறேன். காரணம், என் குடும்பத்தார் அந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் தவறான விவரங்களோடு சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவமானம் என்னுடையதுதான். விவரங்களாவது சரியாக இருக்கட்டும்.

முதலில் என்னைப் பற்றி. ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். எதையும் அளந்து, பெயர் எழுதி, அதனதன் இடத்தில் வைப்பது என் வேலை. வீட்டிலும் அதே. எங்கள் உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்றும் அதைத் திறந்த தேதியும் எழுதியிருக்கும். (என் கணவர் ஒருமுறை ‘கணவர்’ என்று ஒரு லேபிளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை. தேதி எழுதாமல் விட்டிருந்தார்.)

என் அம்மாவின் தம்பி மாரி மாமா, பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் லோரி பழுது பார்ப்பவராக இருந்தார். எஸ்டேட் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, பங்களாவுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு பழைய அமெரிக்கக் கார் அகப்பட்டது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போல ஒரு முன்மூடி, அதன் நடுவில் மூக்கு மாதிரி ஒரு திறப்பு. உள்ளே பதினோரு கோழிகள். “கோழிய விட்டுட்டுக் காரை எடுத்துட்டுப் போ” என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜரை எஸ்டேட்டில் துரை என்பார்கள். எந்தத் துரை விட்டுப்போன கார் என்று யாருக்கும் தெரியாததால், மாமா காருக்கே துரை என்று பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தக் காரை அவர் இவர் என்றுதான் பேசுவோம். “துரை எழுந்துட்டாரா?” “துரைக்கு இன்னிக்கு மூடு சரியில்ல.”

துரையை எழுப்ப மாமாவுக்குப் பதினோரு வருடம் ஆனது. ஞாயிறுதோறும் நான் போய்ப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதினேன். (போல்ட் 214: இடது கதவு, மேல் கீல்.) கடைசியில் மாமா சொல்லச் சொல்ல, துரையை ஓட்டுவதற்கு நாற்பத்திரண்டு விதிகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். விதி ஒன்று: ‘கிளம்புமுன் சாமி கும்பிடு. அதுக்கு முன்னாடி பெட்ரோல் இருக்கான்னு பாரு.’ விதி பதினொன்று: ‘அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் சூடு காட்டுற ஊசியைப் பாரு.’ அந்த ஊசிக்காகவே டேஷ்போர்டின் நடுவில் ஒரு வட்ட மீட்டரை மாமா தன் கையாலேயே பொருத்தியிருந்தார்.

மாமா போவதற்குச் சில நாள் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “என் மக தர்ஷினி கல்யாணத்துக்குத் துரையிலதான் போகணும். நீதான் ஓட்டணும்.” சரி என்றேன். பிறகு அவர் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தால், ‘துரை கலாவுக்கு. அவ ஒரு நட்டைக்கூடத் தொலைச்சதில்ல’ என்று இருந்தது.

மாமாவின் மகன் தினேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. துரையின் மேல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஹைவேயில அறுபதுல போறவங்க. ஒங்களுக்கு எதுக்கு எட்டு சிலிண்டரு?”

“ஒங்கப்பா என்னை நம்பிக் குடுத்தாரு, தினேஷ்.”

“சரி, கல்யாணத்துக்கு நீங்களே ஓட்டுங்க. வழியில நின்னுச்சுன்னா சாவி என்கிட்ட வந்துடணும். ஓகேவா?”

“ஓகே” என்றேன். என் வாழ்நாளில் நான் கட்டிய ஒரே பந்தயம் அதுதான்.

கல்யாணம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டேன். கல்யாணக் காருக்குப் பூ வேண்டும். முன்மூடியில் இரண்டு ரிப்பனும் ஒரு மாலையும் போட்டு அனுப்புவது மற்றவர்கள் செய்வது. நான் மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் துரையின் முகத்தை, அதாவது முன்பக்கக் கம்பி வலையை, அளந்தேன். அகலம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், உயரம் முப்பத்தெட்டு. படம் வரைந்து, ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூக்கடை அக்காவிடம் கொடுத்தேன்.

“பாய் மாதிரி கேக்குறீங்களே, நடுவுல கொஞ்சம் இடைவெளி விடட்டுமாம்மா?”

“வேண்டாம். உள்ளே இருக்கிற கம்பி தெரிஞ்சா அசிங்கம். நெருக்கமா கட்டுங்க. இதழ் உதிராம இருக்கப் பின்னாடி பிளாஸ்டிக் வெச்சுத் தைச்சுடுங்க.”

பொன்மஞ்சள் சாமந்தியில் ஒரு பூப்பாய் வந்தது. துரையின் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையாமல் பொருந்தியது. நான் இரண்டடி பின்னால் போய் நின்று, என்னையே மனதுக்குள் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்து, மாமா. மகள் கல்யாணத்துக்கு அவர் வராமலா? அவருடைய போட்டோவுக்குச் சின்ன மல்லிகைச் சரம் போட்டு, சந்தனம் வைத்து, டேஷ்போர்டில் சரியாக நடுவில், இருபக்கமும் சம தூரம் அளந்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். (நடுவில் வேறு என்ன இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை.)

கல்யாணத்தன்று காலை ஏழு இருபதுக்கு, பீடோருக்குப் பக்கத்தில் மாமா வீட்டு வாசலில் மணப்பெண்ணை ஏற்றத் தொடங்கினோம். இரண்டு கதவுக் காரில் பின்சீட்டுக்குப் போக, முன்சீட்டை மடக்கி உள்ளே குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவை, ஒட்டியாணம், மூன்றடிப் பூச்சடை சகிதம் தர்ஷினியை உள்ளே செலுத்த ஒன்பது நிமிடம் ஆனது. முதலில் தலை என்றோம், பிறகு கால் என்றோம். கடைசியில் அவள் பின்பக்கமாக உட்கார்ந்தபடியே நுழைந்தாள்.

“அக்கா, மேக்கப் ஆறு மணி நேரம் தாங்கும்னு சொன்னாங்க. நாலு மணிக்குப் போட்டது. பத்துக்கு மேல என் மூஞ்சிக்கு நான் பொறுப்பில்ல.”

மற்றவர்கள் எல்லாம் தினேஷோடு முன்னாலேயே போய்விட்டார்கள். டிக்கியில் வரவேற்பு மேசைக்கான பன்னீர், பன்னிரண்டு புட்டி, ஒவ்வொன்றும் அரை லிட்டர். உடையாமல் கொண்டுவர என்னை விட்டால் ஆளில்லை என்று அதையும் என்னிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள்.

துரைக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் மாமாவின் மனைவி, பார்வதி அத்தை. பீடோரைத் தாண்டியதும் கொய்யா ஏற்றிய ஒரு லோரி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

“அத்தை, போலாமா?”

“இரு இரு, மோட்டார் சைக்கிள் வருது.”

“இப்போ?”

“தூரத்துல என்னமோ வருது.”

“அது சிக்னல் விளக்கு, அத்தை.”

“இருந்துட்டுப் போவுது. அவசரம் எதுக்கு?”

இப்படியே கம்பாரையும் தாண்டி முந்நூறு குதிரை சக்தியோடு கொய்யாவுக்குப் பின்னால் ஊர்ந்தோம். விதி பதினொன்றை நான் மறக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்து, டேஷ்போர்டின் நடுவைப் பார்த்தேன். அங்கே மாமா சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கும் ஒரு நிம்மதி.

கோப்பெங்குக்குச் சற்று முன்னால், எட்டு பத்தொன்பதுக்கு, துரையின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரங்கட்டினேன். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவே வெட்டாமல் விட்ட ஒரு கிழட்டு ரப்பர் மரம். அதன் நிழலில் மணப்பெண்ணை நிறுத்தினோம். (இறக்க நாலே நிமிடம்தான். பழகிவிட்டது.)

“முருகா! மாமா கூப்பிடுறாரு!” என்று அத்தை அலறினார்.

“ஆவி வருது, அத்தை. ரேடியேட்டர் ஆவி.”

நோட்டைப் பிரித்தேன். விதி பன்னிரண்டு: ‘சூட்டுல மூடியைத் திறக்காதே. இருபது நிமிஷம் ஆறட்டும். அப்புறம் துணி போட்டுத் திற.’ கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். சாலையில் போன கார்கள் எல்லாம் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போயின. ஒரு பஸ் முழுவதும் கையசைத்தது. தர்ஷினியும் பாவம், திரும்பக் கையசைத்தாள்.

“அக்கா, இங்கேர்ந்து நடந்தா எவ்வளவு தூரம்?”

“மண்டபத்துக்கு இருபத்தொரு கிலோமீட்டர்.”

“சும்மா கேட்டேன்க்கா. பதில் வேணாம்.”

இருபது நிமிடமும் நான் நாற்பத்திரண்டு விதிகளையும் மறுபடி படித்தேன். பெட்ரோல் இருக்கிறது. எண்ணெய் பார்த்தாயிற்று. பெல்ட் சரி. எந்த விதியையும் நான் மீறவில்லை. இதைத் துரையிடமே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது அந்தக் கொய்யா லோரி எதிர்த்திசையிலிருந்து வந்து நின்றது. அரைக்கால் சட்டையோடு ஒரு சீனர் இறங்கினார்.

“என்னாக்கா, படுத்துக்கிச்சா? பீடோர்லேர்ந்து கண்ணாடியில பாக்குறேன், ஒரு பூக்கடை என் பின்னாலயே வருது. கம்பார் தாண்டிக் காணோம். என்னமோ ஆயிருச்சுன்னு திரும்பி வாரேன் லா.”

“நீங்க நல்லாத் தமிழ் பேசுறீங்களே அண்ணே” என்றாள் தர்ஷினி.

“எஸ்டேட்ல பொறந்தவன்மா. எங்கம்மா என்னைத் திட்டுறதே தமிழ்லதான்.” அவர் பூப்பாயை விரலால் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. “இதுக்குப் பின்னால என்னாக்கா இருக்கு?”

“ரேடியேட்டர்.”

“அதுக்குக் காத்து?”

காற்றுக்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று நான் நோட்டைப் புரட்டினேன்.

“ஒங்க மூஞ்சில தலையணைய வெச்சுக் கட்டிட்டு ஈப்போ வரைக்கும் ஓடுங்கன்னா ஓடுவீங்களா?”

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நீதானே புள்ள அளவெடுத்த?”

கொய்யா அண்ணன் பேனாக்கத்தியால் பூப்பாயை அறுத்துப் போட்டார். மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் அடியில்தான் தெரிந்தது. அவரிடம் அரைப் புட்டி குடிதண்ணீர் இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை. நான் மெல்ல டிக்கியைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

“ஐயையோ, அது மாப்பிள வீட்டாருக்குத் தெளிக்கிறது!”

“அத்தை, பொண்ணே போகலன்னா யாருக்குத் தெளிக்கிறது?”

பன்னீரை ஒவ்வொரு புட்டியாக ஊற்றினேன். பதினொன்றரைப் புட்டியில் துரைக்குத் தாகம் தீர்ந்தது. மீதி அரைப் புட்டியைப் பத்திரமாக மூடி, ‘250 மி.லி.’ என்று எழுதி வைத்தேன். கொய்யா அண்ணன் எங்களுக்கு முன்னால் லோரியை ஓட்டி, ஈப்போ எல்லை வரை வழிகாட்டிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு மண்டபத்து வாசல். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள், நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் உருகியிருக்கும் போல. நான் எஞ்சினை நிறுத்திய அதே விநாடியில் துரை மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விட்டார். பன்னீர் ஆவி, வெள்ளை மேகமாக எழும்பி, மாப்பிள்ளையின் அம்மா தொடங்கிக் கடைசி மாமா வரை எல்லோர் மேலும் இறங்கியது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார்.

நான் காருக்குள்ளேயே குனிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அத்தை ஜன்னலைத் தட்டினார்.

“என்னா வாசன! இப்படி ஒரு வரவேற்ப நாங்க பாத்ததே இல்லம்மா. இது எந்தக் கம்பெனி? எங்க சின்னவன் கல்யாணத்துக்கும் புக் பண்ணணும்!”

தினேஷ் மட்டும் ஏமாறவில்லை. நேராக வந்தான். “அக்கா, மேசையில தெளிக்க ஆள் நிக்குது. பன்னீர் எங்க?”

“துரை குடிச்சிட்டாரு.”

அவன் கையை நீட்டினான். “சாவி.”

பந்தயம் பந்தயம்தான். கொடுத்தேன். அவன் உட்கார்ந்து, வாசலை விட்டுக் காரை நகர்த்த ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். துரை உள்ளே மிச்சம் வைத்திருந்த அத்தனை பன்னீரையும் திறந்திருந்த ஜன்னல் வழியாக அவன் பட்டு ஜிப்பாவின் மேல் அனுப்பி வைத்தார். கல்யாண வீடியோவில் அது முழுவதும் இருக்கிறது, மெதுவாக்கி, இசையோடு. அவன் இறங்கி வந்து, ஈரக் கையால் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“நீங்களே வெச்சுக்குங்க அக்கா. அவரு ஒங்களத்தான் மதிக்கிறாரு.”

பத்து ஏழுக்குத் தாலி ஏறியது. தர்ஷினியின் மேக்கப்பும் தாங்கியது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. ரேடியேட்டரை மூன்று முறை கழுவிவிட்டேன். இன்றும் துரையை எழுப்பினால் முதல் ஐந்து நிமிடம் பன்னீர் வாசனைதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வரவேற்பு மேசையில் பன்னீர்ச் செம்பைத் தூக்கியதும் யாராவது ஒருவர், “கலாவுக்குத் தெளிக்காதீங்க, வெளிய நிக்கிற வண்டிக்குத் தெளிங்க” என்பார். மாமாவின் நோட்டில் தினேஷ் தன் கோணல் கையெழுத்தில் நாற்பத்து மூன்றாம் விதியைச் சேர்த்துவிட்டான்: ‘மாலையக் கழுத்துல போடணும். மூக்குல இல்ல.’

மாமாவின் போட்டோ இப்போதும் டேஷ்போர்டில்தான் இருக்கிறது. ஊசியிலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நானே அளந்து ஒட்டினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு ஏறும்போதெல்லாம் அத்தை முதலில் தலையைச் சாய்த்து, மாமாவுக்குப் பக்கத்தில் ஊசி தெரிகிறதா என்று பார்ப்பார். நான் அளந்தது என்று தெரிந்தால் இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு தரம் சரிபார்க்காமல் விடுவதில்லை.