ஆடு நக்கிய ஜீப்

செங்கோடன் ஜீப்பின் பின்கதவில் பெயிண்ட் பிரஷ்ஷால் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் சினிமாக் கம்பெனி மேனேஜர் விவேக் காரில் வந்து இறங்கினான். இறங்கியவன் கார்க் கதவைச் சாத்தக்கூட மறந்துபோய் நின்றான்.

"அண்ணே, என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கிளிப்பச்சைங்க! பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனப்ப வாங்கியாந்தேன். நல்லாருக்குதுங்களா?" செங்கோடன் பிரஷ்ஷைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தான். "சினிமாவுல வாரதுன்னா சும்மாவா? மூஞ்சி கழுவாம போட்டோவுக்கு நிக்க முடியுமுங்களா?"

விவேக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் அந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. செங்கோடன் அரசாங்க ஏலத்தில் எடுத்த வண்டி. வெயிலில் வெளுத்து, பச்சையா பழுப்பா என்று அதற்கே தெரியாத நிறம். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முனகியபடி கொல்லிமலை ஏறும்; மிளகும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு அதே முனகலோடு இறங்கும். அதை விற்றுவிட்டு 'குட்டி யானை' என்கிற மினி லாரி ஒன்று வாங்கச் சொல்லி மனைவி ராஜேஸ்வரி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மலைமேல் திருப்புலி நாட்டுப் பக்கம் ஜீப்பைப் பார்த்த விவேக், சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, "இதுக்கு ஒரு முக்கியமான சீன் இருக்கு" என்று சொன்னபோது செங்கோடனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜேஸ்வரிகூட இறங்கி வந்தாள். "படத்துல வந்துச்சுன்னா விக்கச் சொல்ல மாட்டேன். வரலீன்னா அடுத்த மாசம் குட்டி யானைதான். பேச்சு மாறக்கூடாதுங்க."

ஆக, ஜீப் அந்த வீட்டில் இருப்பதும் போவதும் சினிமாவின் கையில் இருந்தது.

"டைரக்டர் கேட்டது பழைய வண்டிண்ணே. ஒரிஜினலா இருக்கணும்" என்றான் விவேக். பிறகு மனசு கேட்காமல் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தான். "பிரேக் எப்படி?"

"கிண்ணுனு பிடிக்குமுங்க!"

"பிடிக்காட்டியும் பரவாயில்ல. ஸ்டீயரிங்கை விட்டா நேராப் போகுமா?"

"நூல் பிடிச்சாப்ல போகும். நானே ஓட்டிட்டு வாரனுங்களே?"

"நீங்க வேண்டாம்ணே. வண்டி மட்டும் போதும். நாளன்னைக்குக் காலையில வர்றேன். பழையபடி இருந்தா உங்க வண்டி. இல்லேன்னா நான் வேற பார்த்துக்கறேன்."

ஹீரோவே ஓட்டப்போகிறார் என்று செங்கோடன் முடிவு கட்டிக்கொண்டான்.

உடனே பெயிண்டைக் கரைக்கும் தின்னரையும் பழைய வேட்டியையும் எடுத்து பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தான். கிளிப்பச்சை வந்தது. கூடவே அடியிலிருந்த பழைய பெயிண்டும் வந்தது. அதற்கும் அடியிலிருந்து சிவப்பாக எதுவோ எட்டிப் பார்த்தது. அவன் விட்டுவிடாமல் துடைக்கத் துடைக்க, பானெட் முழுக்கச் சொறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

ராஜேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, பழசாக்கச் சொன்னா சீக்காளியாக்கிப்போட்டீங்களே."

மறுநாள் விடிந்ததும் செம்மண்ணைக் குழைத்து வண்டி முழுக்க அப்பினான். காய்ந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாங்குகிறதா என்று பார்க்க மலைமேல் ஓட்டிப் போனான். இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் மண் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. எதிரே தன் துருப்பிடித்த ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்த அதே ஊர்ச் செல்வம் பதறிப்போய் பிரேக் அடித்தான். அவனுடைய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், "உன்றது வண்டியில்லடா, ஓடற துரு" என்று கேலி செய்வது செங்கோடனின் வழக்கம்.

"அண்ணா, வண்டி உதிருதுங்கண்ணா!"

"உன்ற சோலியப் பாத்துட்டுப் போடா" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தான் செங்கோடன்.

அவன் வீடு திரும்பித் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ராஜேஸ்வரிக்கே பொறுக்கவில்லை. அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றிக் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினாள்.

"என்ன புள்ள இது?"

"பசைங்க. போஸ்டரு ஒட்டறாங்கல்ல? மண்ண இதுல குழைச்சு அடிச்சா இடி விழுந்தாலும் உதிராது."

இருவருமாகச் சேர்ந்து அடித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த வேலை அது. பொழுது சாய்வதற்குள் மண் கெட்டியாக இறுகி, ஜீப் அதன் பாட்டன் காலத்து வண்டியாக மாறிவிட்டது. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் கார் ஹார்ன் சத்தம் கேட்டு இருவரும் வெளியே ஓடி வந்தபோது, பக்கத்து வீட்டுச் சின்னாயியின் ஆடுகள் ஜீப்பைச் சூழ்ந்து நின்றன. பட்டியை விட்டு எப்போது வந்தனவோ, கிழங்குப் பசையின் ருசியில் ஒரு பக்கத்தையே நக்கித் தீர்த்திருந்தன. நாக்கு போன வழியெல்லாம் கிளிப்பச்சைக் கோடுகள் பளபளத்தன. ஒரு கிடா பானெட் மேலேறி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விவேக்கோடு காரில் வந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஆடுகளே பயந்து ஓடின.

"அண்ணே, இது ஜீப்பா, வரிக்குதிரையா?" என்று கேட்டுவிட்டு விவேக் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் கார் மறுபடி அந்த வழியே மலைக்குப் போனது. பின்னாலேயே செல்வத்தின் துரு ஜீப். செல்வம் கையை வெளியே நீட்டி உற்சாகமாக ஆட்டிக்கொண்டு போனான்.

செங்கோடனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த வண்டியை இனிமேல் பிரிய வேண்டுமே என்பதுதான் பெரிய கவலை. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. குட்டி யானைப் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தான்.

ராஜேஸ்வரி வந்தாள். கையில் கிளிப்பச்சை டப்பா.

"மிச்சப் பெயிண்டு காஞ்சு போயிருமுங்க. எந்திரிச்சு முழுசா அடிச்சு முடிங்க."

"விக்கறதுக்கா?"

"விக்கறதாம் விக்கறது! இதோட இத்தன கட்டிப் பொரண்டதுல எனக்கே மனசு வரலீங்க. நம்மளோடயே கெடக்கட்டும்."

செங்கோடன் எழுந்து டப்பாவை வாங்கிக்கொண்டான். நேராகப் போய் ஜீப்பைக் கழுவ ஆரம்பித்தான்.

சாயங்காலம், கழுவித் துடைத்த ஜீப்புக்கு அவன் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கையில் மலையிலிருந்து இறங்கிய பஸ் நின்றது. அதிலிருந்து செல்வம் இறங்கி வந்தான். கைக்குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல் ஒரு ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்திருந்தான்.

செங்கோடனுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "என்றா, பெரிய நடிகனாயிட்டியாக்கும்? முக்கியமான சீனு முடிஞ்சுதா? வண்டி எங்க?"

செல்வம் பளபளக்கும் கிளிப்பச்சை ஜீப்பையே ஏக்கமாகப் பார்த்தான்.

"பள்ளத்துலண்ணா. அதுதான் சீனாம். அதுலயும் மொதத் தடவ சரியா உருளலீன்னு, கயிறு கட்டித் தூக்கியாந்து இன்னொருக்காத் தள்ளுனாங்கண்ணா!"