தம்பியின் விளக்கும் அண்ணனின் கோட்பாடும்

கொசுவுக்கு வலை உண்டு, கோட்பாட்டுக்காரருக்கு இல்லை. சமூக மானுடவியல் வகுப்பறையில் பிறந்து, கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமின்றி நுழைந்து, நாலு பேர் சிரித்தாலும் அழுதாலும் காரணம் சொல்லிவிட்டுப் போகிற இந்த இனத்துக்கு, ஒரு சோற்றுப் பதமாக என் பக்கத்து வீட்டுப் பேராசிரியரைப் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் 'பயன்பாடு' கட்சி. எந்தச் சடங்கும் சமூகம் கலையாமல் காக்கவே நடக்கிறது என்பார். அது பழசானதும் 'அமைப்பு' கட்சிக்குத் தாவினார். உலகமே எதிரும் புதிருமான ஜோடிகள்தாம், தம் மனைவியும் தாமும் உட்பட. இப்போது 'அதிகாரம்': எதிலும் யார் மேலே, யார் கீழே என்பதுதான் கேள்வி. அரசியல்வாதி கட்சி தாவினால் பதவியாவது கிடைக்கும். இவருக்குக் கிடைத்தவை கருத்தரங்கத் துணிப்பைகள்.

பயன்பாட்டுக் காலத்தில்தான் அவருடைய அப்பா இறந்தார். மின்வேலை செய்யும் தம்பி, மருத்துவமனை வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் அணைத்துக்கொண்டாரா?

"அழுடா, நல்லா அழு. சாவுல அழறது குழுவோட ஒற்றுமையைப் பலப்படுத்தும்."

அன்றோடு குழு இரண்டாக உடைந்தது. பல வருடம் பேச்சு வார்த்தையே இல்லை.

போன மாதம் பேராசிரியருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. கேள்விப்பட்ட தம்பி, மனசு கேட்காமல், தம் கையாலேயே செய்த மேசை விளக்கோடு வாசலில் வந்து நின்றார். நலம் விசாரிக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

"படிக்கிறப்போ கண் கூசாதுண்ணா. இதைத் திருகினா வெளிச்சம் குறையும்."

பேராசிரியரின் கை நீண்டது. அதோடு நின்றிருக்கக் கூடாதா?

"பரிசுன்னு எதுவுமே சும்மா வர்றதில்லைடா. கொடுக்கிறவன் மேல, வாங்கறவன் கீழ. அதுதான் அதோட அதிகாரம். புரியுதா?"

தம்பிக்குப் புரிந்தது, வேறு விதமாக.

"நான் எதையும் எதிர்பார்த்து வரலண்ணா" என்று விளக்கோடு படியிறங்கிவிட்டார்.

பேராசிரியரின் மனைவி, செருப்பு ஜோடி மாறியதுகூடத் தெரியாமல் பின்னாலேயே ஓடினார். தெருமுனையில் கொழுந்தனார் வண்டியைக் கிளப்புவதற்குள் விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டார். விளக்கு திரும்பி வந்தது, தம்பி வரவில்லை.

"வாசல் தேடி வந்தவன்கிட்ட நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா உங்களுக்கு?"

கொழுந்தனாரின் எண்ணை அழுத்தி, போனைக் கணவரின் காதில் வைத்தார். பேராசிரியர் மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"விளக்கு... நல்லாயிருக்குடா. சாப்பிட வா."

மேற்கோளும் அடிக்குறிப்பும் இல்லாமல் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. மறுமுனையில் விசும்பல். அவர் கண்ணிலும் நீர். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கவனிச்சீங்களா? இந்த மாதிரி சமரசம் பொதுவா..."

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டார். தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அண்ணிக்காக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் மாமியார் ஆசையாக ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தபோது, "என்னவோ எதுக்கோ அடிபோடறாங்க" என்று முணுமுணுத்தது யார்? பேராசிரியருக்காவது அதைச் சொல்லச் சம்பளம் தருகிறார்கள்.